கரந்தை சூடிய பதக்கம்

அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் அம்பத்தூரைக் கடந்து போகிறவர்கள் நிலையப் பெயர்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். ஆவடிக்கு அப்பால் பிரிந்து போகும் கிளைப்பாதையின் முனையில் நிற்கும் பெயர்ப்பலகை ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இப்பகுதி பெரும் இராணுவத் தளமாக இருந்தது. பூந்தமல்லியோ அதற்கு முன்பே, கும்பினியார் காலந்தொட்டே, படைத்தாவளம். 1965ன் இறுதியில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. படையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் இவ்வூர்களில் வீடு கட்டிக் குடியமர்ந்தனர். அவர்தம் வீடுகளில் ஒரு தகரப்பெட்டி இருக்கும்; பெட்டிக்குள் வெல்வெட்டில் பொதிந்த சில வட்டத் தகடுகள் இருக்கும். 1965க்குச் சமர் சேவா நட்சத்திரம், ரக்ஷா பதக்கம். 1971க்குப் பூர்வி, பஸ்சிமி நட்சத்திரங்கள், சங்க்ராம் பதக்கம். பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள். வீட்டுக்கு வரும் கள்வனுக்கு வெள்ளியோ என்னவோ என்னும் ஐயம்.

அந்தத் தகடு களவு போனால் என்ன போகிறது? இக்கட்டுரையில் நாம் எழுப்பிக்கொள்ள விரும்பும் வினா இதுவே. உருக்கினால் கிடைக்கும் விலை அற்பம். ஆனால் போனது உலோகம் அன்று என்பதை நம் மரபு நன்கறியும்.

தமிழ்ப் புறத்திணை மரபு களவிலிருந்தே தொடங்குகிறது. பகைவர் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. கவர்ந்ததை மீட்டல் கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள் அடக்கும். புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித்திணையாக வைக்கும். அம்மீட்புப் போரில் வீழ்ந்தவனுக்குப் பெயரும் பீடும் எழுதி நட்டதே நடுகல். 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, ‘ஆகோள்’ என்னும் சொல்லையே தாங்கி நிற்கிறது. செங்கம் பகுதி நடுகற்களிலும் ஆநிரைப் பூசல்களில் பட்டோரின் பெயர்கள் நிறைந்துள்ளன. ஆநிரை மீண்டதா என்பதைக் காட்டிலும், மீட்கச் சென்றவன் பெயர் நின்றதா என்பதே அக்கற்களின் கவலை. பதக்கத்தையும் உள்ளங்கையில் அடங்கும் நடுகல் எனலாம். அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்படுவதுண்டு. சேர்ப்போர் சந்தையில் விலையை ஏற்றுவதும் அப்பெயரே, களவைக் காட்டிக்கொடுப்பதும் அப்பெயரே.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1945 செப்டம்பர் 12. போர் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெங்களூருக்கு வடக்கே தொண்டேபாவியில் 13ஆம் எல்லைப்புறத் துப்பாக்கிப் படையினர் குண்டெறி பயிற்சியில் இருந்தனர். வீரர் ஒருவர் துப்பாக்கிவழிச் செலுத்திய கைக்குண்டு தொலைவு செல்லாமல், தம்மவர் இருந்த இடத்திற்குச் சில கெஜ தூரத்திலேயே விழுந்தது. பிரிவுக்குத் தலைமை தாங்கிய நாயக் கிருபா ராம், மறைந்துகொள்ளுங்கள் என்று கூவியபடியே ஓடி அதை எடுத்தார். வீசுமுன் கையிலேயே வெடித்தது. வெடிப்பைத் தம் உடலில் தாங்கி அவர் மாண்டார், உடனிருந்தோர் பிழைத்தனர். எதிரி முன்னிலையில் அல்லாத வீரத்திற்கென்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940இல் ஏற்படுத்திய ஜார்ஜ் சிலுவை, மறைவுக்குப்பின் 1946இல் அவருக்கு வழங்கப்பட்டது. விக்டோரியா சிலுவைக்கு நிகரான விருது அது, வெள்ளியாலானது.

இமாசலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், இளம் பருவத்திலேயே கைம்மை எய்திய அவர் மனைவியிடம் அப்பதக்கம் இருந்து வந்தது. 2002இல் அது வீட்டிலிருந்து திருடப்பட்டது. மலையூர் ஒன்றில் காணாமற்போன வெள்ளிச் சிலுவையை யார் தேடப்போகிறார்கள்? ஏழாண்டு கழிந்து, 2009இல், அது இலண்டன் ஏலப் பட்டியல் ஒன்றில் தோன்றியது. மறைத்து விற்க முடியாத பொருள் அது. பெறுநர் பெயர் அதன் பின்புறத்திலேயே பொறித்திருந்தது. செய்தி பரவியது, இந்தியத் தரப்பு ஆட்சேபித்தது, ஏலம் நின்றது. ஏலம் நின்றதனால் பதக்கம் உடனே ஊர் திரும்பிவிடவில்லை. உரிமை யாருடையது என்னும் இழுபறி மேலும் சில ஆண்டுகள் நீடித்து, இறுதியில் அம்மூதாட்டியின் கையிலேயே அது வந்து சேர்ந்தது. அறுபதாண்டுக்கு மேல் ஒரு பெயரைக் காத்து வந்தவர், தள்ளாத வயதில் அதை இரண்டாம் முறை பெற்றுக்கொண்டார்.

இவ்விடத்தில் சட்டத்தையும் சற்று நோக்குவோம். வாங்கியவர் நல்லெண்ணத்துடன் காசு கொடுத்திருந்தால் பொருள் அவருடையதுதானே என்று கேட்போர் உண்டு. தனக்கில்லாத உரிமையை ஒருவன் பிறர்க்கு விற்க இயலாது என்பதே 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவிதி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 410ஆம் பிரிவு இன்னும் ஆழமாகச் சென்றது. திருட்டுப் பொருள் எத்தனை கை மாறினாலும், நாட்டுக்குள்ளே மாறினாலும் வெளியே மாறினாலும், திருட்டுப் பொருளே. உரியவர் கைக்கு வந்து சேரும்போதுதான் அந்தக் கறை நீங்கும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. சட்ட வாசகம் என்று புரட்டிச் சென்றுவிட நமக்கு மனம் வரவில்லை. கரந்தைத் திணைக்கு இதைவிடச் சுருக்கமான உரை எழுத முடியுமா என்றே தோன்றுகிறது.

மீட்பு எப்போதும் இவ்வளவு தூய்மையானதன்று. 2007 டிசம்பர் 2ஆம் நாள் நியூசிலாந்தின் வையூரூ இராணுவ அருங்காட்சியகத்தில் 96 பதக்கங்கள் களவுபோயின. அவற்றுள் ஒன்பது விக்டோரியா சிலுவைகள், இரண்டு ஜார்ஜ் சிலுவைகள். விக்டோரியா சிலுவையை இருமுறை வென்ற சார்ல்ஸ் அப்பமின் பதக்கமும் அவற்றுள் இருந்தது. தேசமே கொதித்தது. மூன்று இலட்சம் நியூசிலாந்து டாலர் வெகுமதி அறிவிக்கப்பட்டது. வழக்கறிஞர் ஒருவர் வழியாகப் பேச்சு நடந்து, 2008 பிப்ரவரியில் பதக்கங்கள் அனைத்தும் திரும்பின. களவாடியோர் பின்னர் தண்டனை பெற்றனர். எனினும் கொடுத்தது வெகுமதியா, மீட்புப் பணயமா என்னும் வினா எழாமலில்லை. அங்கே போனது அரசின் காட்சிப்பேழையிலிருந்து. ஆகவே செல்வந்தரும் காவல்துறையும் பின்னின்றனர். பதினொரு வாரத்தில் மீண்டது. மலைக்கிராமத்துக் கைம்பெண்ணுக்கோ பதக்கம் கண்ணில் படவே ஏழாண்டு ஆயிற்று. இரண்டும் ஒரே களவு. இரண்டுக்கும் ஒரே கரந்தை வாய்க்கவில்லை.

பூந்தமல்லியிலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் காஞ்சிபுரத்து வட்டாரம் வரும். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அம்மண்ணுக்குரியவர்: மதராஸ் சாப்பர்ஸ் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, கண்ணிவெடி அகற்றும் குழுவுடன் சென்றவர்; வெடிக்கச் சில விநாடிகளே எஞ்சிய கண்ணியின் மேல் பாய்ந்து படுத்து, உடனிருந்தோரைக் காத்து மடிந்தார். கிருபா ராம் செய்ததும் அதுவே, ஒன்றரை ஆண்டு கழித்து. நாள்தோறும் அச்சாலையில் பேருந்தில் போய்வருவோரில் எத்தனை பேருக்கு அப்பெயர் தெரியும் என்று எண்ணினால் நாணம் மேலிடுகிறது. தகட்டைக் களவாட ஒரு கள்வன் வேண்டும். பெயரைக் களவாட நம் மறதி போதும். அதற்கு வழக்கும் கிடையாது, வாய்தாவும் கிடையாது.

ஆகவே நம் பகுதியினருக்குச் சொல்ல விரும்புவது எளிய செய்தியே. வீட்டில் தாத்தாவின் பதக்கங்கள் இருந்தால் ஒருநாள் அவற்றை வெளியே எடுங்கள். முன்புறம், பின்புறம், விளிம்பு மூன்றையும் படமெடுங்கள். விளிம்பில் உள்ள எண்ணையும் பெயரையும் படைப்பணிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். பெயர் பொறிக்காத பதக்கங்களும் உண்டு. பிரிட்டன் தன் வீரர்க்கு அளித்த இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்கள் அப்படிப்பட்டவையே. அத்தகையவற்றுக்குப் படமும் குறிப்பும்தான் சாட்சி. களவு போனால் பொருள் சிறிதென்று விடாமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். ஏழாண்டு கழித்து எங்கோ ஒரு பட்டியலில் அது தோன்றும் நாளில், எம்முடையது என்று சொல்ல அந்தத் தாள் வேண்டியிருக்கும்.

எழுதி முடித்தபின் இன்னொன்றும் செய்யலாம். அது எந்தப் போர், எந்த ஊர், உடன் சென்று திரும்பாதவர் யார் என்று, சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். புலிமான்கோம்பைக் கல்லில் இருப்பது சில சொற்களே. ஆனால் யார், எந்த ஊர், எதற்காக என்பது அதில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்குப்பின் நம்மிடம் வந்து சேர அதுவே போதுமானதாக இருந்தது.