புல்லட்டும் ரெண்டு விரலும்

காரைக்கால்மேட்டு உப்புக் காத்துல இரும்பு நிலைக்காது. ஆனா அப்பா வாங்குன பழைய புல்லட் இன்னும் எங்க திண்ணையோரம் நிக்குது.

1954 நவம்பர் 1-ல பிரெஞ்சுக்காரங்க காரைக்காலை ஒப்படைச்சாங்க. அடுத்த வருசம், 1955-ல, மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பிச்சாங்க. ஃபேக்டரி திருவொற்றியூர்ல. முதல்ல இங்கிலாந்துலேருந்து வந்த பாகங்களைப் பூட்டினாங்க, அப்புறம் முழுசா இங்கேயே செஞ்சாங்க. தாய்க் கம்பெனி 1970 வாக்குல மூடினப்பவும் நம்ம ஊர் புல்லட் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அந்த எஞ்சினுக்கு வலப்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். கழட்டினா ரெண்டு புஷ்ராடு தெரியும். கேம் அதைத் தள்ளும், அது மேலே வால்வைத் திறக்கும். புஷ்ராடோட அடியில இருக்கிற நட்டைத் திருகினா நீளம் கூடும், குறையும். எஞ்சின் ஆறியிருக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன்ல உச்சியில நிக்கணும், ரெண்டு வால்வும் மூடியிருக்கணும். ஃபீலர் கேஜ் வேண்டாம். ரெண்டு விரலால புஷ்ராடைச் சுத்தினா லேசா சுத்தணும், மேலேயும் கீழேயும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு.

லூசா இருந்தா 'டக் டக்'னு சத்தம், வேற பெரிய கேடு இல்ல. டைட்டாயிட்டா வால்வு முழுசா மூடாது. சூடான புகை அந்த இடுக்குல பாய்ஞ்சு வால்வு விளிம்பை எரிச்சிடும். ஒருமுறை சத்தம் பிடிக்காம நானே இறுக்கினேன். நாலே மாசத்துல கிக்கர் பஞ்சு மாதிரி இறங்குச்சு. எக்ஸாஸ்ட் வால்வு போச்சு. குறுவை நெல் வித்த காசுல பாதி அதுக்கே சரி.

அப்புறம் வந்த புது எஞ்சின்ல ஹைட்ராலிக் லிஃப்டர். உள்ளே இருக்கிற ஆயில் இடைவெளியைத் தானே அடைச்சுக்கும். அமெரிக்காக்காரன் 1930-லேயே கெடிலாக் வி-16 கார்ல இதை வச்சுட்டான். ஆனா அதுலயும் புஷ்ராடு நீளம் சரியா அமையணும்: இடைவெளி போனதும் லிஃப்டரோட பிளஞ்சர் இன்னும் கொஞ்சம் உள்ளே அமுங்கணும். அதுக்குப் பேர்தான் பிரீலோடு. அமெரிக்க மெக்கானிக்குங்க நீளம் மாத்தக்கூடிய ராடு போட்டு அளந்து பார்த்துட்டுத்தான் சரியான ராடைப் பூட்டுவாங்க.

2023-ல வந்த புல்லட் 350-ல புஷ்ராடே கிடையாது. கேம் மேலே ஏறிடுச்சு. பட்டணத்துத் தம்பிங்க பழைய வண்டி வாங்கினா, ஓட்டி வந்த சூட்டோட மூடியைத் திறக்காதீங்க. ராத்திரி ஆறவிட்டு, விடிஞ்சதும் திறங்க.