சீருடையும் பயணச்சீட்டும்: அமெரிக்கப் படைவீரரின் விமானப் பயணம்

அமெரிக்கப் படைவீரர் பயணிகள் விமானத்தில் சீருடையுடன் செல்லலாமா என்னும் வினா இன்று மரியாதைக்கும் பாதுகாப்புக்கும் இடைப்பட்டதாகவே பேசப்பெறுகிறது. வியட்நாம் போர்க்காலத்தில் அது பெரிதும் பணம் சார்ந்ததாக இருந்தது. விடுப்பில் ஊர் திரும்பும் வீரருக்கு உள்நாட்டு விமான நிறுவனங்கள் அரைக் கட்டணத்தில் இடமளித்தன. இருக்கை காலியாக இருக்கவேண்டும். வீரர் சீருடையில் இருக்கவேண்டும். போர் எதிர்ப்பு வலுத்த நாள்களில் சீருடையைக் களைய விரும்பியவரும் சலுகை கருதி அதை அணிய நேர்ந்தது. விமான நிலையங்களில் வீரர்கள்மீது எச்சில் உமிழப்பட்டதாகக் கூறும் பிற்கால நினைவுகளின் சான்றுவலிமையை ஜெர்ரி லெம்கி 1998இல் வெளியிட்ட நூலில் ஐயுற்றார். அவ்விவாதத்தில் இரு தரப்பாரும் இக்கட்டண நிபந்தனைக்கு உரிய இடம் தரவேண்டும். வீரர் பொதுமக்கள் கண்ணில் பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

1985 ஜூன் 14 அன்று ஏதென்சிலிருந்து ரோம் சென்ற டி.டபிள்யூ.ஏ. 847 விமானம் கடத்தப்பட்டது. கடற்படை முக்குளிப்பாளர் ராபர்ட் ஸ்டெதம் பெய்ரூட்டில் கொல்லப்பட்டார். சீருடையைத் தவிர்ப்பதற்கான வாதத்தில் இந்நிகழ்வு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. எடுத்துக்காட்டு முழுமையாகப் பொருந்துவதன்று. படையினரைக் கடத்தல்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தவை அவர்கள் வைத்திருந்த படைத்துறை அடையாள அட்டைகள்.

2003 முதல் ஈராக்கிலிருந்து விடுப்பில் வந்தோர் அட்லாண்டா, டாலஸ் நிலையங்களில் சீருடையிலேயே இறங்கினர், கூடிநின்றோர் கைதட்டினர். அங்கிருந்து அதே உடையில் உள்நாட்டு விமானம் ஏறினர். அயல்நாடு செல்லும் பயணிகள் விமானங்களிலோ சாதாரண உடையே பொதுவிதியாக நீடித்தது. அடையாள அட்டை சட்டைப்பையிலேயே இருந்தது.