துண்டாடலும் பத்து வெள்ளியும்

கூட்டுறவு என்றதும் நம்மிற் பலருக்குச் சிக்கனமும் கடனுமே நினைவுக்கு வரும். நம் தோட்டப்புறங்களில் முதலில் வேரூன்றியவை சிக்கன நாணயச் சங்கங்களே. ஆனால், 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் நோக்கம் வேறு. தோட்டத்தையே விலைக்கு வாங்குவது அதன் திட்டம்.

அதற்குரிய காரணத்தை நாம் 1950களில் தேட வேண்டும். மலாயா விடுதலையை நெருங்கிய வேளையில், வெள்ளைக்கார உரிமையாளர் பலர் தம் ரப்பர்த் தோட்டங்களை விற்றனர். வாங்கிய தரகர்கள் அவற்றைக் கூறுபோட்டுச் சிறு முதலாளிகளுக்கு விற்றனர். இதுவே துண்டாடல். நிலம் பிரிந்தபோது லயன்களும் ஆயாக்கொட்டகையும் மருந்தகமும் தமிழ்ப்பள்ளியும் எவர் பொறுப்பிலும் இல்லாமற் போயின. பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் இதனை ஆராய்ந்தது. எனினும், ஆய்வு தொழிலாளிக்கு நிலம் தந்துவிடாதே!

சம்பந்தன் தோட்டந்தோறும் சென்றார். பங்கு ஒன்றின் விலை நூறு வெள்ளி; அதை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. அவரே சுங்கை சிப்புட்டில் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் மகன் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்; தோட்டக் கணக்கு அவருக்குப் புதிதன்று. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று.

இங்குதான் மேலாண்மையின் முதன்மையான முடிவு எடுக்கப்பட்டது. வாங்கிய நிலத்தை உறுப்பினர்க்கு ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று பங்கிட்டிருக்கலாம். பலர் மனத்தில் அந்த ஆசையும் இருந்திருக்கும். அவ்வாறு செய்திருந்தால், அதுவும் ஒரு துண்டாடலே. பால் பதனிடும் ஆலை, சாலை, மறுநடவுக்கான முதல் ஆகியவை பெரும்பரப்பு ஒன்றையே நம்பி நிற்பவை. புதிய ரப்பர்க்கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை வருவாயின்றிக் காத்திருக்கச் சிறு நிலக்காரனால் இயலாது. ஆகவே, உரிமை பலரிடமும் நிருவாகம் ஓரிடத்திலும் இருந்தன. பின்னாளில் சங்கம் செம்பனைக்கு மாற முடிந்ததும் நிலம் முழுதாக இருந்தமையாலேயே என நாம் கருதுகிறோம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. உறுப்பினரிற் பெரும்பாலோர் வேறு தோட்டங்களில் வேலை செய்தவர்கள். தாம் வாங்கிய நிலத்தைக் கண்ணாற் காணாதவர்கள். சங்கத் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டியவர்க்கோ நிலை இன்னும் சிக்கலானது. உறுப்பினர் என்ற முறையில் அவர் இலாப ஈவு உயர வேண்டும் என விரும்பினார். தொழிலாளி என்ற முறையில் கூலி உயர வேண்டும் என விரும்பினார். இரண்டும் ஒரே வருவாயிலிருந்து வர வேண்டியவை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கை தூக்கிய அவரே, மறுநாள் விடியலில் பெரட்டுக்கும் நின்றார்.