கிண்டியில் பார்த்த சோதனையும் ஒரகடத்தில் நின்ற ஆலையும்



உங்களில் பலர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஷிப்டு பார்க்கிறீர்கள். "ரிசல்ட் நெகட்டிவ்தானே, அப்புறம் என்ன பயம்?" என்பது கொரோனா நாட்களில் எல்லோரும் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் அந்தச் சோதனையின் வரலாற்றில் இருக்கிறது.

கிண்டி கிங் நிலையம் 1899-இல் தொடங்கியது. பெரியம்மையைத் தடுக்க அம்மைப்பால் தயாரித்த இடம் அது. 2020-இல் தமிழகத்தின் கொரோனா பரிசோதனையும் அங்கேதான் ஆரம்பமானது. மார்ச் 7-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட மாநிலத்தின் முதல் தொற்றாளர் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்.

கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. அதை டிஎன்ஏவாக மாற்றும் நொதியை 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையை 1983-இல் கேரி முல்லிஸ் உருவாக்கினார். சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டிப்பாக்கும் கணக்கு நினைவிருக்கிறதா? அதேதான். ஒரு துண்டு 30 சுற்றுகளில் சுமார் 107 கோடியாகும். ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டிலும் கெடாத நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது.

2020 ஏப்ரலில் வந்த ரேபிட் கிட்டுகள் வைரஸைத் தேடவில்லை. உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளைத் தேடின. முடிவுகள் நம்பும்படி இல்லாததால் திருப்பி அனுப்பச் சொன்னது ஐசிஎம்ஆர். பிறகு பல மாநிலங்கள் விரைவாக முடிவு தரும் ஆன்டிஜன் சோதனைக்குப் போனபோதும், தமிழகம் ஆர்டி-பிசிஆரையே நம்பியது. ஆய்வகங்கள் 200-ஐத் தாண்டின.

இருமலே இல்லாதவரிடமும் இந்தச் சோதனை வைரஸைக் காட்டிக்கொடுக்கும். ஒரே பஸ், ஒரே கேன்டீன், ஒரே அறையில் ஆறேழு பேர் என்று வாழும் நம் பகுதிக்கு அது பெரிய உதவி. 2020 மே மாதம் தொழிலாளர் சிலருக்குத் தொற்று உறுதியானதும் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2021 மே மாதம், இரண்டாம் அலையில், ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் சென்றது. அம்மாதக் கடைசியில் அந்த ஆலையும் சில நாட்கள் மூடப்பட்டது.

இப்போது பதில். தொற்றிய மறுநாளே மாதிரி எடுத்தால் நெகட்டிவ் என்று வரலாம். பெருக்குவதற்கு ஒரு துண்டாவது குச்சியில் ஒட்டியிருக்க வேண்டுமே! குணமான பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டலாம். செத்த வைரஸின் துண்டும் பெருகும். ஆகவே நெகட்டிவ் என்பது மாதிரி எடுத்த அன்றைய செய்தி மட்டுமே.

இன்னொன்று. சோதனைக்கு வருகிறவரைத்தான் இயந்திரம் கண்டுபிடிக்கும். லீவு போட்டால் சம்பளம் போகும் என்றால், காய்ச்சலை மாத்திரையில் அமுக்கிக்கொண்டுதான் ஆள் லைனில் நிற்பான். உங்களில் சூப்பர்வைசராக இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். "உடம்பு சரியில்லை" என்று ஒரு பையன் வந்து சொன்னால், முதலில் அவனை வீட்டுக்கு அனுப்புங்கள்; கணக்கைப் பிறகு பார்க்கலாம்.