பச்சிளங்குழந்தையின் குளியல் நீர்: எவ்வளவு சூடு பாதுகாப்பானது?

மும்பை: கால்களை நீட்டி அமர்ந்து, அவற்றின் மேல் குழந்தையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் வழக்கம் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. நல்ல சூடாக ஊற்றினால்தான் குழந்தை அயர்ந்து உறங்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. ஆனால், வேலை செய்து காய்ப்பேறிய கைக்கு இதமாகத் தோன்றும் நீர், குழந்தையின் மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடக்கூடும்.

எத்தனை டிகிரி?

குழந்தையின் இயல்பான உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். குளியல் நீரும் ஏறக்குறைய அதே அளவில், அதாவது 37 முதல் 38 டிகிரி வரை இருப்பதே பாதுகாப்பானது. 60 டிகிரி சூடுள்ள நீர் பெரியவர்களின் தோலையே சில நொடிகளில் ஆழமாகப் புண்ணாக்கும். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைந்த நேரமே போதும். இதனால்தான் வீட்டு கீசரின் வெப்பநிலையை 49 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. இது கீசருக்கான உச்ச வரம்பு மட்டுமே. அந்த நீரையும் விளாவிய பிறகே குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும்.

விளாவும் முறை

முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர் என்பதே சரியான வரிசை. குழாய் நீர் 25 டிகிரி அளவில் இருந்தால், ஐந்து பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கொதிநீர் சேர்க்கும்போது ஏறத்தாழ 37 டிகிரி கிடைக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் குழாய் நீர் 20 டிகிரி வரை குளிர்ந்திருந்தால், ஏழு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு கொதிநீர் தேவைப்படும். அடிவரை நன்கு கலக்கிய பின், முழங்கையையோ மணிக்கட்டின் உட்புறத்தையோ நனைத்துப் பார்க்க வேண்டும். சூடும் இல்லாமல், குளிர்ச்சியும் இல்லாமல் வெதுவெதுப்பாக உணர்ந்தால் அதுவே உரிய பதம். உள்ளங்கையால் மட்டும் சோதிப்பது போதாது.

ஒற்றை அறை வீடுகளில்

தாராவியின் சிறிய வீடுகளில் சமையல், உறக்கம், குளியல் ஆகிய அனைத்தும் ஒரே அறைக்குள் நிகழ்கின்றன. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர்ப் பாத்திரமும், தவழும் குழந்தையும் சில அடி இடைவெளியிலேயே இருக்க நேர்கிறது. எனவே வெந்நீரைத் தரையில் வைக்காமல், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து மூடுவது அவசியம். குழந்தையைக் கையில் ஏந்தியபடி கொதிநீரைத் தூக்கக் கூடாது. வாளியில் இடும் ஹீட்டர் ராடு பெரும்பாலும் தானாக நிற்பதில்லை. நீர் கொதிக்கும் வரை சூடேறிக்கொண்டே இருக்கும். மின் இணைப்பைத் துண்டித்து, ராடை வெளியே எடுத்த பிறகே நீரைத் தொட வேண்டும்.

முதல் குளியல் எப்போது?

பிறந்து 24 மணி நேரம் கழிந்த பிறகே குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வெப்பத்தைத் தக்கவைக்கும் ஆற்றல் குறைந்த பச்சிளங்குழந்தை விரைவில் குளிர்ந்துவிடும் என்பதே காரணம். எடை குறைந்த குழந்தைகளுக்கு மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டுமே குளியல் தொடங்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளியலை முடித்து, உடனே தலையைத் துவட்டுவது நல்லது.

வெந்நீர் பட்டுவிட்டால்

• காயத்தின் மீது குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடங்கள் ஊற்ற வேண்டும். குழாயில் நீர் வராத நேரமெனில், சேமித்து வைத்துள்ள சுத்தமான நீரைப் பயன்படுத்தலாம். உடலின் மற்றப் பகுதிகள் குளிராமல் போர்த்தி வைக்க வேண்டும்.

• நனைந்த ஆடையைக் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது.

• பற்பசை, மஞ்சள், எண்ணெய், மை, பனிக்கட்டி எதையும் வைக்கக் கூடாது.

• கொப்புளங்களை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும்.

கைக்குழந்தைக்கு ஏற்படும் வெந்நீர்க் காயம் சிறிதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். தாராவி, மாட்டுங்கா பகுதியினருக்கு சயானில் உள்ள லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை அருகில் உள்ளது. அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கலாம்.