கடைசிப் புத்தகத்துக்குப் பிறகு

உர்சுலா லெ குவினின் எர்த்சீ நாவல் வரிசை 1968இல் தொடங்கியது. 1972இல் வந்த மூன்றாம் நாவலோடு அது முடிந்துவிட்டதாகவே வாசகர்கள் நினைத்தார்கள். அந்த உலகில், ரோக் தீவின் மந்திரப் பள்ளி ஆண்களுக்கு மட்டுமே. பெண்களின் மந்திரம் பழமொழிகளிலேயே இழிவுபட்டது.

18 ஆண்டுகள் கழித்து, 1990இல் ‘தெஹானு’ வந்தது. எர்த்சீயின் கடைசிப் புத்தகம் என்று அட்டையே சொன்னது. மாபெரும் சாகசத்தை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தவள் டெனார்: கணவனை இழந்த நடுவயதுக்காரி, தீயில் கருகிய சிறுமியை வளர்ப்பவள். மாமந்திரவாதி கெட் சக்தியெல்லாம் இழந்து ஊர் திரும்புகிறான். தட்டுக் கழுவுவது பெண்களின் வேலை என்கிறான் டெனாரின் மகன். தான் படைத்த உலகை லெ குவின் இம்முறை அடுப்படியில் நின்று பார்த்தார்.

பார்த்த பிறகு ‘கடைசி’ நிற்கவில்லை. 2001இல் மேலும் இரண்டு நூல்கள் வந்தன. அவற்றிலுள்ள ஒரு கதை ரோக் பள்ளியின் தொடக்கத்தைச் சொல்கிறது: அதை நிறுவியவர்களில் பெண்களும் இருந்தார்கள்; பின்னால்தான் விலக்கப்பட்டார்கள். ஆதிமுதல் வழக்கம் என்று சொல்லப்பட்ட விலக்குக்கும் ஒரு தொடக்க நாள் இருந்தது. நம் கல்விக்கூடங்களின் வரலாற்றைப் படிக்கும்போதும் அந்த நாளைத் தேடுவோம்.