வாடகைக்கு மைதானம், வாசலில் தடை

அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனில் கிரிஃபித் ஸ்டேடியம் என்று ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. வெள்ளையர் மட்டுமே ஆடிய செனட்டர்ஸ் அணியின் கோட்டை. 1940களில் அந்த அணி வெளியூர் போகும் நாட்களில், கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீக் அணியான ஹோம்ஸ்டெட் கிரேஸ் அதை வாடகைக்கு எடுத்து ஆடியது. அதன் கேட்சர் ஜோஷ் கிப்சன். நம் விக்கெட் கீப்பர் மாதிரி, மட்டையாளருக்குப் பின்னால் ஆட்டம் முழுக்கக் குந்தி எழ வேண்டிய வேலை.

மட்டையைக் கையில் எடுத்தால் அவர் வேறு ஆள். அந்த மைதானத்தின் இடப்பக்க எல்லை 400 அடிக்கும் அப்பால். பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் ஹோம்ரன் அடிப்பவர்களுக்கு அது எமன். கிப்சன் அதையும் தாண்டி அடித்தார். செனட்டர்ஸின் முதலாளி கிளார்க் கிரிஃபித்துக்கு இது தெரியாதா என்ன? வாடகையை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டார். கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. எல்லாம் முதலாளிகளுக்குள் வாய்ப்பேச்சு. எழுதாத சட்டத்தை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கிப்சன் பிறந்தது 1911இல், ஜார்ஜியாவில். அப்பாவுக்கு பிட்ஸ்பர்க் உருக்காலையில் வேலை கிடைக்க, குடும்பமும் அங்கே போனது. 1930இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற கையோடு மனைவி ஹெலன் இறந்துபோனார். கிப்சனுக்கு அப்போது வயது 18. அதன்பின் ஓயாத பஸ் பயணம்தான். தெற்கே போனால் பல ஓட்டல்களில் அறை தர மாட்டார்கள். சம்பளம் கூடுதல் என்று மெக்சிகோவுக்குப் போய் ஆடினார். கிரேஸ் முதலாளி வழக்குப் போட்டார். திரும்பி வந்ததும் வழக்கு கைவிடப்பட்டது. வெள்ளையரின் மேஜர் லீக் சேர்க்காது, சொந்த லீக் விடாது!

1943இல் மூளையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு அவர் சம்மதிக்கவில்லை. குடியும் சேர்ந்துகொண்டது. 1947 ஜனவரி 20இல், 35 வயதில் இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 15இல் அந்த எழுதாத தடையை உடைத்து, கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களம் இறங்கினார்.

2024இல்தான் மேஜர் லீக் நிர்வாகம் நீக்ரோ லீக் கணக்குகளைத் தன் ஏட்டில் சேர்த்தது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் பல்லாண்டுகளாக வைத்திருந்த முதலிடம் .372 என்ற கணக்கில் கிப்சனுக்கு வந்தது. கிரிஃபித்தின் செனட்டர்ஸ் அணியோ தன் முதல் கறுப்பின வீரரை, கியூபாவின் கார்லோஸ் பவுலாவை, இறக்கியது 1954இல்.

அடுத்த வாரம்: 42 வயதில் மேஜர் லீக்கில் அறிமுகமான பந்துவீச்சாளர் சாட்செல் பெய்ஜ்.